பின்பாரம்

வளைவுக்கு முன்பே வேலையெல்லாம் முடிந்துவிட வேண்டும். வேகத்தைக் குறைப்பது, கியரை இறக்குவது, எந்த இடத்தில் திரும்புவது என்று கண்ணால் குறித்துக்கொள்வது எல்லாமே. உள்ளே நுழைந்தபின் பொறுமையாக இருந்தால் போதும். புத்திக்கு இது சீக்கிரம் புரிகிறது. வலது காலுக்குப் புரிய வெகு நாளாகிறது.

*

போர்ஷே 911ஐப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1963இல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வந்தபோது அதன் பெயர் 901. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தனக்கே உரியவை என்று பெஜோ ஆட்சேபித்ததால் 911 ஆயிற்று. ஆறு சிலிண்டர் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. நம் மாட்டுவண்டிக்காரர் பார்த்தால் பின்பாரம் என்று சொல்லி மூட்டையை முன்னே தள்ளச் சொல்லியிருப்பார். போர்ஷே பொறியாளர்களும் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். தொடக்க கால வண்டிகள் சிலவற்றில் முன்பம்பருக்குள் இரும்பு எடைகளை வைத்தார்கள்; 1969 மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். எஞ்சினை மட்டும் இடம் மாற்றவில்லை. சாலையில் ஓடும் 911இல் இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. வளைவை விட்டு வெளியேறும்போது அதே பாரம் பின்டயர்களைத் தரையில் அழுத்திப் பிடிப்பதால், வண்டி வழுக்காமல் பாய்கிறது.

*

வளைவின் நடுவே, வேகம் கூடிவிட்டதோ என்று தோன்றுகிறது. மனம் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிடுகிறது. அந்தக் கணமே வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. முன்டயர்களுக்குப் பிடிமானம் கூடுகிறது, பின்டயர்களுக்குக் குறைகிறது. பின்னால் இருக்கும் எஞ்சினோ வெளிப்பக்கம் போகவே பார்க்கிறது. வால் வீசுகிறது. ஓவர்ஸ்டீயர்.

ஆபத்திலிருந்து தப்பவே கால் எழுந்தது. ஆபத்தை உண்டாக்கியதும் அதுவே. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

1975இல் விற்பனைக்கு வந்த 911 டர்போவில் இது இன்னும் கடுமை. ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு, வளைவின் நடுவே, மொத்த சக்தியும் ஒரேயடியாக வந்து சேரும். மிரண்டு காலை எடுத்தவர்களின் வண்டி பின்பக்கமாகச் சாலையை விட்டு இறங்கியது.

வால் வீசிவிட்டால், போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே திருப்ப வேண்டும். பிரேக்கில் பாயக் கூடாது. பின்பக்கம் பிடித்துக்கொள்ளும்போது ஸ்டீயரிங்கை உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் வண்டி மறுபக்கம் முன்னைவிட வேகமாக வீசும்.

*

கியரை இறக்குவதிலும் இதே பாரம்தான். மூன்றாம் கியரின் விகிதம் 1.4, இரண்டாம் கியரின் விகிதம் 2.1 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அதே வேகத்தில் இரண்டில் 4500 சுற்ற வேண்டும். அந்த 1500 சுற்றை யாராவது கொடுத்தாக வேண்டும். கால் கொடுக்காவிட்டால், கிளட்சை விட்டதும் பின்டயர்கள் கொடுக்கும். பிரேக்கால் பின்பக்கம் ஏற்கெனவே லேசாகியிருக்கும் நேரம் அது. டயர் பிடி நழுவிவிடும்.

அதற்காகத்தான் ஹீல் அண்ட் டோ. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, அதன் வெளிவிளிம்பைச் சாய்த்து ஆக்சிலேட்டரை ஒரு தட்டு. இடது கால் கிளட்சில். கஷ்டம் அந்தத் தட்டில் இல்லை. தட்டும்போது பிரேக்கின் அழுத்தம் மாறாமல் இருப்பதில். சரியாக அமைந்தால் பக்கத்தில் இருப்பவரின் தலைகூட ஆடாது. 2009 மாடல் நிஸான் 370இசட் மேனுவல் வண்டியில் கம்ப்யூட்டரே அந்தத் தட்டைத் தட்டியது. வசதிதான். ஆனால் பாதம் தானாகக் கற்ற நிதானம் வேறு, அதை நான் விட மாட்டேன்.

*

வால் வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஈஎஸ்பி, 1995இல் மெர்சிடிஸில் வந்தது. 1997இல் ஸ்வீடனில் ஒரு சோதனையில் ஏ-கிளாஸ் கவிழ்ந்தபின், அந்தச் சிறிய காருக்கும் அதைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள். சாலையில் அதை அணைத்துவைப்பது திறமைக்கு அடையாளமாகாது.

நம்மிடம் உள்ள கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அளவு மீறினால் முதலில் நேராகவே வழுக்கும். ஆனாலும் மலை இறக்கத்தில் பாரம் ஏற்கெனவே முன்னால் இருக்கிறது. வளைவுக்குள் திடீரென்று காலை எடுத்தால் இவற்றின் பின்பக்கமும் லேசாகும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். வால் வீசுவதை உணர்ந்து பழக ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதைக்கோ, கோவை செட்டிபாளையத்துக்கோ போங்கள். மலைச்சாலையில் எதிரே வண்டி வரும்.