சுவருக்கு அந்தப் பக்கம்

மும்பை வடாலாவின் சால் வீடுகளில் பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூட நமக்குத் தெரியும். அதே சுவர் வழியாக ஒரு ஆச்சி அதட்டு வாங்குவது கேட்டால் மட்டும் ‘அது அவங்க வீட்டு விஷயம்’ ஆகிவிடும்.

முதியவரை வதைக்கக் கை ஓங்க வேண்டியதில்லை. பிடுங்கி வைத்த பென்ஷன் பாஸ்புக்கும் நாள்கணக்கில் பேசாத வாயும் போதும். பிள்ளையின் பெயர் கெடுமே என்று அவர் வெளியே சொல்லவும் மாட்டார்.

முதிய பெற்றோரைக் கைவிடுவது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால், ‘ஆச்சி, சாப்ட்டாச்சா?’ என்று தினமும் வாசலில் நின்று கேட்கிற குரலுக்கு அந்த வீடு கொஞ்சம் பயப்படும்.