மடலும் மறுமொழியும்

ஒருவர் ஒருவருக்கு எழுதுவது கடிதம். ஒருவர் பலருக்கு எழுதுவதும் கடிதம் ஆகுமா? மின்னஞ்சல் வழியே வாரந்தோறும் மடல் விடுத்து, அதனைப் பெறுவோரை ஒரு குடும்பமாக்க முயல்வோர் பெருகியுள்ள இந்நாளில் இது அறத்தைப் பற்றிய வினாவும் ஆகும். ஆயிரம் பேரை 'அன்புடையீர்' என விளிப்பவர், அவருள் ஒருவரிடமேனும் அன்புடையவராக இருத்தல் வேண்டும் அல்லவா?

அலுவலகத்தில் பணிபுரியும் என் போன்றார்க்குச் சுற்றறிக்கை பழகிய பொருள். அது மேசைதோறும் வரும். பெயருக்கு நேரே சுருக்கொப்பம் இடுவோம். அடுத்த மேசைக்கு நகர்த்துவோம். அனைவர்க்கும் உரியது, எவருக்கும் எழுதப்பட்டதன்று. ஒரே தாளைத் தொட்டமையால் எழுத்தர்கள் நண்பர்கள் ஆகிவிடுவதில்லை. அப்பணியைச் செய்வது பெரும்பாலும் தேநீர்க் கடைதான்.

பலருக்கு எழுதும் மடல் தமிழர்க்குப் புதிதன்று. அறிஞர் அண்ணா 1955-இல் 'திராவிட நாடு' கிழமை இதழில் 'தம்பி' என விளித்துக் கடிதம் எழுதத் தொடங்கினார். அச்சேறிய அம்மடலைத் தமக்கே வந்ததெனக் கொண்டோர் பலர். கருத்து வேறுபாடு உடையோரும் அவ்விளியின் ஆற்றலை ஒப்புவர். ஆயினும் அது அண்ணன் பேசத் தம்பி கேட்கும் உறவு. தம்பிக்கும் தம்பிக்கும் இடையே உறவு வளர்ந்ததென்றால், மடலைப் படித்துவிட்டு அவர்கள் கூடி வாதிட்ட படிப்பகத்திற்கும் அதில் பங்குண்டு.

ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்களோ தனித்தனி நண்பர்க்கு எழுதப்பெற்றவை, பின்னரே நூலாயின. நெல்லையில் அவர் இல்லத்தில் கூடிய 'வட்டத்தொட்டி'யில் முகம் பார்த்துப் பேசியவர்களிடையே மடலும் நடந்தது. முகம் முந்தியது, எழுத்து அதன் நிழலாய் வந்தது.

அவ்வாறாயின், ஒருவரை ஒருவர் காணாதவர்க்கு உண்மையான கூட்டுறவு இயலாதோ? இயலும் என்பதற்கு 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' சான்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதினர். பிறர் மெய்ப்புப் பார்த்தனர். அவர்களை இணைத்த பாலம் மின்னஞ்சல். அம்மடல் வாழ்த்துக் கூறி நிற்கவில்லை, வேலை கேட்டது. ஒருவர் எழுத்துப்பிழையை முன்பின் அறியாத இன்னொருவர் பொறுமையாகத் திருத்துவது எளிய உறவன்று.

இன்றைய மின்மடல்கள் பலவற்றில் நான் காணும் குறை இங்கேதான் உள்ளது. 'இம்முகவரிக்கு மறுமொழி அனுப்ப வேண்டா' என்ற குறிப்போடு அவை வருகின்றன. வாயிற்கதவைத் தாழிட்டுக்கொண்டு, சன்னல் வழியே 'வருக, வருக' என்பது விருந்தோம்பலா? அதனினும் நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. கண்ணுக்குப் புலனாகாத சிறு படம் ஒன்றை மடலினுள் பொதிந்து, பெற்றவர் எப்போது திறந்தார் என அறியும் வழக்கம் பரவியுள்ளது. கடிதம் கொணர்ந்தவர் படித்து முடிக்கும்வரை கதவோரம் ஒளிந்து நின்றால் பொறுப்போமா? எண்ணிக்கை அறிவது வணிகர்க்குத் தேவையாகலாம். நட்பை நாடுவோர் கேட்டறியலாமே, ஒளிந்தறிதல் ஏன்?

நகரி போன்ற எல்லையூர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரி ஆந்திரத்தில் நின்றது. இங்குள்ள தமிழ் வீடுகளில் குழந்தைகள் பலர்க்குப் பள்ளியில் தெலுங்கெழுத்தே முதலில் வாய்க்கிறது. தெலுங்கு நமக்கு அயல்மொழியன்று, அடுத்த வீட்டு மொழி; அதனைக் கற்பதில் குறையேதும் இல்லை. ஆயின் தமிழைப் பேசியும் படிக்க இயலாத ஒருவர்க்கு நாம் அச்செழுத்தில் மடல் விடுத்து என்ன பயன்? அவ்வீட்டு மடலோடு குரற்பதிவும் செல்லவேண்டும். மறுமொழியையும் குரலாகவே ஏற்கவேண்டும்.

மடலில் இடவேண்டியது விழாப் படங்களும் பொன்னாடைச் செய்திகளும் அல்ல என்பது என் கருத்து. தறியொலி கேட்கும் ஊர் இது. பாவு, ஊடை, நாடா என நெசவாளர் வழங்கும் சொற்களுள் எவை தமிழில் நிற்கின்றன, எவை தெலுங்கோடு கலந்தன என்று கேட்டு எழுதலாம். அதற்கு விடை சென்னைப் பேராசிரியரிடம் இல்லை. தறி முன் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் உள்ளது. பெங்களூரில் பணிபுரியும் பேரன் அதனைப் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் நமக்கு எழுதவேண்டியிருக்கும்.