மலிவான கிருபை

சௌகரியம் பாவமல்ல. ஆனால் அதற்கு ஒரு பழக்கம் உண்டு: எப்போதும் ஏதாவது ஒரு நல்ல காரணத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும்.

ஜெர்மானியப் பாதிரியார் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939 ஜூனில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஹிட்லரின் பிடியிலிருந்து அவரைத் தப்புவிக்க நண்பர்கள் செய்த ஏற்பாடு அது. உயிருக்குப் பயமில்லை, செய்ய வேலையும் உண்டு. தங்கிவிட எத்தனை நியாயங்கள்!

ஆனால் மனிதர் 1937-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். கிறிஸ்துவைப் பின்பற்றாமலே அவருடைய மன்னிப்பை மட்டும் பெற்றுக்கொள்ளும் பக்தியை, 'மலிவான கிருபை' என்று அதில் கண்டித்திருந்தார். அந்த எழுத்து அவரை அங்கே இருக்க விடவில்லை. தன் ஜனங்களின் சோதனையில் பங்கு கொள்ளாதவனுக்கு, நாளை அவர்களுடைய மறுவாழ்வில் பங்கு கேட்க உரிமையில்லை என்று ஜூலையிலேயே கப்பலேறிவிட்டார்.

ஊரில் அப்போதும் கோயில் மணிகள் வேளை தவறாமல் அடித்துக்கொண்டுதான் இருந்தன. சபைகளில் பல, ஆண்டவருக்கும் ஹிட்லருக்கும் சேர்த்தே தலை வணங்கின. 1943-ல் போன்ஹோஃபர் கைதானார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39.

அக்கரையில் தங்கியவர்களெல்லாம் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். நானும் எழுதிப் பிழைப்பவன். நான் எழுதியதே ஒரு நாள் என் வாசலில் வந்து நின்று, "புறப்படு" என்றால், எந்த நல்ல காரணத்தைச் சொல்லி அதைத் திருப்பி அனுப்புவேனோ, தெரியவில்லை.