செம்பும் களிம்பும்

ஆணவமலம் உயிரை அநாதியே பற்றிநிற்றற்குச் செம்பிற் களிம்பை உவமையாக எடுத்தோதுதல் நம் சித்தாந்த நூலார் மரபு. மெய்கண்டதேவரும் சிவஞானபோதத்துள் நெல்லின் உமியோடு சேர்த்து இதனைக் காட்டியருளினார். இக்காலத்து மாணாக்கர் சிலர், தம் பையிலுள்ள ஐந்து ரூபாய் நாணயத்தைக் காட்டி, இவ்வுவமை பொருந்துமாறு யாங்ஙனம் என வினவுகின்றனர். 2009-க்குப் பின் வெளிவந்த அந்நாணயம் நூற்றுக்கு 75 கூறு செம்பும், 20 கூறு துத்தநாகமும், 5 கூறு நிக்கலும் கலந்தது. அக்கசாலையினின்று வந்த நாளிற் பொன்போல் ஒளிர்வது, கைவியர்வையும் ஈரமும் பட்டு நாளடைவிற் பழுப்பேறிக் கறுக்கின்றது. ஈரத்திலே நெடிது கிடப்பின் பச்சையும் பூக்கின்றது. மாசு இடையிலே புறத்திருந்து வந்ததாயின் அநாதி என்றது என்னாம் என்பது அவர் தடை.

இத்தடை தள்ளத்தக்கதன்று, உவமையை வாய்ப்பாடாக ஒப்பித்துப் போவாரினும் இங்ஙனம் வினவுவாரே நூலுக்கு உரியர். காற்றும் ஈரமும் பட்டுச் செம்பிற் படரும் பச்சைக் களிம்பு, செம்போடு பிராணவாயுவும் கரியமிலவாயுவும் நீரும் கூடிய கூட்டு. அக்கூட்டே மண்ணினுள் மாலகைட்டு என்னும் பச்சைக் கல்லாகவும் கிடக்கின்றது. அதனை உலையிலிட்டுச் செம்பைப் பிரித்தெடுப்பர். செம்பு தனித்துக் கிடைத்தல் சிறுபான்மை. பிராணவாயுவோடேனும் கந்தகத்தோடேனும் பிணிப்புண்டு கிடத்தலே பெரும்பான்மை. ஆகவே இடையில் வந்தது நாணயத்தின் ஒளியே. கறுத்தலும் பச்சை பூத்தலும் பழைய பிணிப்பிற்கு மீளுதலாம். நாணயம் பிறந்த நாளையே செம்பு பிறந்த நாளாகக் கொண்டமையால் தடை எழுந்தது.

தனிச்செம்பும் ஓரோவழி உண்டாகலின் முற்றும் ஒவ்வாதெனின், உவமை ஒருபுடை ஒப்புமையே என்க. புளியிட்டுத் துலக்குங்கால் அதன் அமிலம் மேற்படலத்தைக் கரைக்குமன்றிச் செம்பின் இயல்பை மாற்றாது. ஆதலின் மீண்டும் கறுக்கும். உயிர் தன் முயற்சியளவில் மலம் நீங்கமாட்டாது, இரசகுளிகை பரிசித்தாற்போலத் திருவருள் பதிதல் வேண்டும் என்று ஆசிரியர் கூறுதல் இதுபற்றியே.

அதே பையில் இரும்பு 83 கூறும் குரோமியம் 17 கூறும் கலந்த ஒரு ரூபாய் நாணயம் களிம்பேறாது கிடத்தலைக் கண்டு, மலமற்ற உயிர்க்கு அஃது உவமையாகாதோ என்றார் ஒருவர். ஆகாது. அதன்மேலும் குரோமியமும் பிராணவாயுவும் கூடிய மெல்லிய படலம் உண்டு. துருவேறாமற் காப்பதும் அதுவே. கட்புலனாகாமைபற்றி அதனை இல்லையென்பார், கேவலத்திற் கிடக்கும் உயிரைச் சுத்தமுற்றது என்பாரோடு ஒப்பர்.