சீப்பு பிடிக்கலாம், தூரிகை பிடிக்கக் கூடாது

மும்பைப் படவுலகில் கதாநாயகியின் கூந்தலை ஒரு பெண் அலங்கரிக்கலாம். அதே கதாநாயகியின் முகத்துக்கு மேக்கப் போட மட்டும் ஆண்தான் வரவேண்டும். மௌனப்பட காலத்துக் கதை இல்லை இது. அங்குள்ள ஒப்பனைக் கலைஞர் சங்கம் 2014 வரை விடாமல் பிடித்துவைத்திருந்த விதி. பெண்களுக்குச் சிகையலங்காரத்துக்கான சங்க உறுப்பினர் அட்டை மட்டுமே கிடைத்துவந்தது.

சாரு குரானா அமெரிக்காவில் ஒப்பனை படித்துவிட்டு வந்து 2009-இல் உறுப்பினர் அட்டை கேட்டார். கிடைக்கவில்லை. பெண்கள் நுழைந்தால் ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்பது சங்கத் தரப்பின் வாதம். (பெண்களின் திறமைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?) அவர் விடவில்லை. 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அத்தோடு போயிற்று.

நம் ஊரில் 1985-லேயே 'சின்ன வீடு' படத்தின் ஒளிப்பதிவாளர் பி.ஆர்.விஜயலட்சுமி. ஆனால் அவர் இயக்குநர் பி.ஆர்.பந்துலுவின் மகள், பிறந்த வீட்டிலேயே சினிமா இருந்தது. அப்படி ஒரு வீடு வாய்க்காத பெண்ணுக்குச் சங்க அட்டைதான் வாசல்.

நடிகைகளையும் இயக்குநர்களையும் வைத்தே சினிமாவில் பெண்களின் வளர்ச்சியை அளக்கிறோம். எனக்கென்னவோ மேக்கப் அறையிலிருந்தும் லைட் ஸ்டாண்டு பக்கத்திலிருந்தும் எண்ணத் தொடங்குவது சரியாகப் படுகிறது. நீதிமன்றம் அட்டை வாங்கித் தரலாம். நாளைக் காலை ஷூட்டிங்குக்கு யாரைக் கூப்பிடுவது என்பது இன்னும் தயாரிப்பு நிர்வாகியின் கைப்பேசியில்தான் இருக்கிறது.