ஒரு சதுர மைலுக்கு நான்கு வீடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கன்சாஸ், டகோட்டா சமவெளிகளில் குடியேறிய உழவர்களைப் பற்றிப் பேசுவோர், வறட்சியையும் வெட்டுக்கிளியையும் பனிப்புயலையும் விரிவாகச் சொல்லிவிட்டு, அவர்களுடைய நடன இரவுகளை ஓரிரு பத்திகளில் கடந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் பகலெல்லாம் ஏர் பிடித்த மனிதர்கள், குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பல மைல் வண்டியில் வந்து, விடிய விடிய ஆடிவிட்டு, தூங்காத கண்களோடு மறுநாள் வேலைக்குத் திரும்பினார்கள் என்றால், அதைக் களியாட்ட ஆசையால் மட்டும் விளக்கிவிட முடியாது.

காரணம் நிலத்தைப் பங்கிட்ட முறையிலேயே இருக்கிறது. 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 21 வயது நிரம்பியவருக்கோ குடும்பத் தலைவருக்கோ 160 ஏக்கர் அரசு நிலத்தைச் சிறு பதிவுக் கட்டணத்துக்கு வழங்கியது; ஆனால் அந்த நிலத்திலேயே வீடு கட்டி, ஐந்தாண்டுகள் குடியிருந்து, பயிர் செய்து காட்டினால்தான் பட்டா கைக்கு வரும். நில அளவையாளர்கள் நாட்டை ஒரு மைலுக்கு ஒரு மைல் என்ற கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். 640 ஏக்கர் கொண்ட ஒரு கட்டத்தின் கால்பங்குதான் 160 ஏக்கர் என்பதால், எல்லா நிலமும் நிரம்பினாலும் ஒரு சதுர மைலில் நான்கு வீடுகளுக்கு மேல் அமைய வழியில்லை. ரயில்வே நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒதுக்கிய நிலங்கள் இடையிடையே கிடந்த பகுதிகளில் அண்டை வீடு இன்னும் தள்ளிப்போயிற்று. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுள் பலரோ ஊருக்குள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, காலையில் வயலுக்குப் போய் மாலையில் ஊர் திரும்பிப் பழகியவர்கள். 1893இல் அட்லாண்டிக் மந்த்லி இதழில் இ. வி. ஸ்மாலி எழுதிய கட்டுரை இந்தத் தனிமையையே பொருளாக எடுத்துக்கொண்டு, உழவர்கள் சிதறி வாழ்வதை விட்டு ஊர்களாகக் கூடி வாழ வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. நடனமோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, எவருடைய பரிந்துரையும் இல்லாமல், ஓர் இரவுக்கு ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டிருந்தது.

மரம் அரிதான அந்தப் புல்வெளியில் முதலில் எழுந்தவை பெரும்பாலும் புல்மண் வீடுகள், அதாவது வேர் பின்னிய புல்தரையைக் கலப்பையால் பட்டை பட்டையாகப் பெயர்த்து, துண்டுகளாக வெட்டி அடுக்கிச் சுவராக்கிய வீடுகள். நடனம் நடத்த இசைந்த வீட்டார் ஒரு கட்டிலை மட்டும் விட்டுவிட்டு மேசை நாற்காலிகளை வெளியே தூக்கி வைத்தார்கள். மண்தரையில் புழுதி கிளம்பாதிருக்கத் தண்ணீர் தெளித்தார்கள். வந்தவர்களின் கைக்குழந்தைகள் கம்பளிகளுக்கும் மேலங்கிகளுக்கும் நடுவே அந்த ஒரே கட்டிலில் வரிசையாகத் தூங்கின. மூலையில் ஒருவர் ஃபிடில் எனப்படும் நாட்டார் வயலினைக் காலால் தாளம் தட்டியபடி வாசிக்க, நடுச்சாமத்தில் அவரவர் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்டு, மறுபடியும் ஆட்டம் தொடங்கியது. விடியும்வரை ஆடியதற்கு உற்சாகத்தைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு: சரியான பாதையோ விளக்கோ இல்லாத வெளியில் இருட்டில் வண்டியோட்டினால் வழி தப்பிவிடும்.

ஆடிய ஆட்டத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. பிரான்சிலிருந்து வந்த கொட்டிலியன், குவாட்ரில் ஆகிய ஆட்டங்களும் பிரித்தானிய நாட்டார் ஆட்டங்களும் கலந்து உருவான சதுர நடனத்தில், நான்கு இணைகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களில் நிற்கின்றன. எட்டுப் பேர் சேராமல் ஆட்டம் தொடங்காது. அடுத்து என்ன அசைவு என்பதை அழைப்பாளர் என்பவர் உரத்த குரலில் சொல்லிக்கொண்டே போவதால், அடி தெரியாத புதியவரும் உடனே சேர்ந்துகொள்ள முடிந்தது. இணைகள் மாறிக்கொண்டே இருந்ததால், ஒருவர் தம் மனைவியோடு மட்டும் ஆடிவிட்டு ஒதுங்கவும் முடியவில்லை. ஒரே இரவில் சுற்றுவட்டாரத்தார் பலருடைய கையையும் பிடித்துவிட்ட ஒரு பெண்ணுக்கு, பேறுகாலத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற தயக்கம் இருந்திருக்காது. பெண்கள் மிக அரிதாயிருந்த கலிஃபோர்னியத் தங்கச் சுரங்க முகாம்களில்கூட ஆட்டத்தைக் கைவிடவில்லை. ஆண்களுள் சிலர் கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பெண்களின் இடத்தில் நின்று ஆடினார்கள்.

ஃபிடிலைச் சாத்தானின் கருவி என்று ஒதுக்கிய பக்தர்களும் கூடி ஆடும் இந்தத் தேவையிலிருந்து தப்பவில்லை. வாத்தியம் இல்லாமல், கைதட்டியும் பாடியும், ஏறக்குறைய அதே சுற்றுகளைச் சுற்றிவிட்டு, அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மனசாட்சிக்கும் கால்களுக்கும் இடையே ஏற்பட்ட அந்தச் சமரசத்தைப் பாசாங்கு என்று ஏளனம் செய்வதைவிட, கூடி ஆடாமல் இருக்க அவர்களால் முடியவில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதே நேர்மை.

அந்த நிலம் வெற்று நிலமன்று என்பதுதான் இந்த வரலாற்றில் எளிதில் விடுபட்டுப்போகும் செய்தி. குடியேறிகள் ஆடிய அதே ஆண்டுகளில், 1883இல், உள்துறைச் செயலர் ஹென்றி டெல்லரின் முயற்சியால் வந்த விதிகள், பழங்குடி மக்களின் சூரிய நடனத்தையும் வேறு பல ஆட்டங்களையும் குற்றங்கள் என்று அறிவித்தன. முதன்முறை ஆடியவருக்கு உணவுப் பங்கீடு நிறுத்தப்படும், மீண்டும் ஆடினால் சிறையும் கிடைக்கலாம். 1889இல் லகோட்டா பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பெரும் நிலப்பகுதி துண்டாடப்பட்டு, மிச்சமான நிலம் அடுத்த ஆண்டு குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இறந்த முன்னோரும் மறைந்த காட்டெருமைகளும் திரும்பி வருவர் என்ற நம்பிக்கையோடு லகோட்டாக்கள் அப்போது ஆடிய ஆவி நடனம் சுற்றிலுமிருந்த குடியேறிகளைக் கலங்கச் செய்தது, படை வரவழைக்கப்பட்டது, 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான லகோட்டாக்கள் கொல்லப்பட்டனர். சிதறிக்கிடக்கும் மனிதர்களை ஆட்டம் ஒரு சமூகமாகக் கட்டுகிறது என்பதை அரசு நன்றாகவே அறிந்திருந்தது. ஒரு சாராருக்கு அதை அனுமதித்ததும் மறுசாராருக்குத் தடுத்ததும் அந்த அறிவின் விளைவுகள்தாம். புல்மண் வீட்டில் ஆடியவர்கள் கொடியவர்கள் அல்லர், அவர்களுடைய தனிமையும் பொய்யன்று. ஆயினும் அவர்கள் தண்ணீர் தெளித்து ஆடிய தரை யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லாத எந்த விவரிப்பும் அரைகுறையானதே.

பழங்குடியினரின் ஆட்டங்கள் மீதான தடை 1934இல்தான் விலக்கப்பட்டது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றம் சதுர நடனத்தை ஈராண்டுகளுக்குத் தேசிய நாட்டார் நடனமாக அறிவித்தது. பழங்குடியினர் தம் சமயச் சடங்குகளை நடத்த உரிமையுடையவர்கள் என்பதைச் சட்டமாக அதே மன்றம் எழுதி வைத்தது அதற்கு நான்கே ஆண்டுகள் முன்னர், 1978இல்.