பகடையும் பயணியும்

விளையாட்டுக்கென ஓர் அண்டத்தைப் படைப்போர் அதில் அநீதியையும் சேர்த்தே படைக்கலாமா? 1977இல் அமெரிக்காவில் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு நம்மை இவ்வாறு வினவச் செய்கிறது.

அசிமோவின் விண்பேரரசுச் சாயல் அதில் உண்டு. இ.சி. டப் 1967 முதல் எழுதிய டூமாரெஸ்ட் புதினங்களிலிருந்து உறைநிலைப் பயணம் வந்து சேர்ந்தது. செல்வர் 10,000 கிரெடிட் செலுத்தி விழித்திருந்து பயணிப்பர். வறியவரோ 1,000 கிரெடிட்டுக்கு உறைந்து கிடப்பர். துயிலெழுப்பும் வேளையில் ஒவ்வொருவருக்கும் இரு பகடைகள் உருட்டப்படும். கூட்டுத்தொகை 5க்குக் குறைந்தால் அவர் எழுவதில்லை. அதாவது, ஆறில் ஒருவர். எத்தனை பேர் பிழைப்பர் என அப்பயணிகளே பந்தயம் கட்டவும் விதியுண்டு!

புதினத்தில் நடுக்கமாய் இருந்தது விதிநூலில் எண்ணாகிவிட்டதே என வருந்துவோர் உளர். அவ்வருத்தம் முற்றும் சரியென நாம் கருதவில்லை. புதினம் படிப்பவர் கண்ணீர் சிந்தலாம். முடிவை மாற்ற இயலாது. ஆட்டத்திலோ அந்த 1,000 கிரெடிட்டைக் கையில் வைத்துத் தயங்குபவர் நாமே. சில வேளை, கப்பல் தலைவராய் அப்பயணச்சீட்டை விற்பவரும் நாமே. தேர்ந்த மருத்துவர் உடனிருந்தால் மரணம் பன்னிரண்டில் ஒன்றாகக் குறையும். ஆயின் அவருக்கு ஊதியம் கூடுதல். அவரை அமர்த்துமாறு விதிநூல் எவரையும் வற்புறுத்தவில்லை.